எங்கே ‘தெஸ்’, எங்கே ‘தா’? ஜப்பானிய மொழி படிக்கிறவங்களுக்கு அக்காவின் டிப்ஸ்

காலையில வேலை, சாயங்காலம் வகுப்பு, ராத்திரி வீட்டுப்பாடம்னு ஓடுற உனக்கு இலக்கணப் புத்தகத்தை முழுசாப் புரட்ட நேரம் இருக்காது. தெரியும். அதனால ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிடிச்சு உட்கார வச்சுச் சொல்லிடறேன்: வாக்கியத்தோட கடைசியில வர்ற ‘தெஸ்’ஸும் ‘தா’வும். ஆயிரம் வார்த்தை மனப்பாடமா வச்சிருக்கிற பிள்ளைங்ககூட இந்த ரெண்டு துண்டுலதான் தடுமாறுது. ஜேஎல்பிடிங்கிற ஜப்பானிய மொழித் திறன் தேர்வுல பேச்சுத் தேர்வே கிடையாது பாரு, அதனால என்4 பாஸ் பண்ணிட்டு, வாயைத் திறந்தா எங்கே எதைப் போடறதுன்னு தெரியாம முழிக்கிறவங்க நிறைய. 2019-ல வந்த திறன் தொழிலாளர் விசாவுல போறவங்களுக்கும் இதே கதிதான். பரீட்சை முடிஞ்சிருக்கும், பேச்சு ஆரம்பிச்சே இருக்காது.

உனக்கு எத்தனை வயசா இருந்தாலும் சரி, ‘நீ’ன்னுதான் கூப்பிடப் போறேன். அக்கா சொன்னா கேட்டுக்கோ.

முதல்ல வாயைச் சரி பண்ணு. ‘தேசம்’, ‘தானம்’னு சொல்லும்போது தொண்டை அதிருதே, அந்தத் தகரம்தான் ரெண்டுக்கும். ‘தா’ன்னு நெடிலா எழுதியிருக்கேனே தவிர, சொல்லும்போது குறிலா, சட்டுனு முடிக்கணும். ‘தெஸ்’ எழுத்துல ‘தெசு’தான். ஆனா டோக்கியோ பக்கத்துப் பேச்சுல அந்த உகரம் காதுல விழாது. ‘தெசூ’ன்னு இழுக்காதே, புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிற மாதிரி இருக்கும்.

1. அந்த மரியாதை யாருக்குன்னு முதல்ல புரிஞ்சுக்கோ

இதுலதான் பாதிப் பேர் கோட்டை விடறாங்க. ‘தெஸ்’ மரியாதை, ‘தா’ சாதாரணம்னு வகுப்புல சொல்லிக் கொடுப்பாங்க. யாருக்கு மரியாதை? நீ யாரைப் பத்திப் பேசறியோ அவங்களுக்கு இல்லை. உன் எதிர்ல நின்னு கேட்கிறவங்களுக்கு.

கோயம்புத்தூர்ப் பக்கம் ‘ஆமாங்க’, ‘இல்லீங்க’, ‘அது எங்க நாய்ங்க’ன்னு பேசுவாங்களே, அதை நினைச்சுக்கோ. அந்த ‘ங்க’ நாய்க்குப் போற மரியாதையா? கேட்கிறவருக்குப் போறது. ‘தெஸ்’ஸும் அதேதான். மேலதிகாரிகிட்ட நாயைப் பத்திச் சொன்னாலும் ‘இனு தெஸ்’. உன் வயசுத் தோழிகிட்ட உன் ஆசிரியரைப் பத்திச் சொன்னாலும் ‘சென்ஸே தா யோ’. ஆசிரியராச்சே, அவரைப் போய் ‘தா’ன்னு சொல்லலாமான்னு தயங்காதே. பேசப்படுறவருக்கு மரியாதை காட்ட ஜப்பானிய மொழியில தனி வினைச்சொற்கள் இருக்கு. நாம ‘வந்தார்’னு ‘ஆர்’ சேர்க்கிற வேலையை அதுங்க பார்த்துக்கும். ‘தெஸ்’ தலையில அந்தச் சுமையையும் ஏத்தாதே.

2. எட்டே எட்டு வடிவம், தினம் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லு

மாணவன் என்கிற ‘கக்ஸே’யை வச்சே சொல்றேன்.

- மாணவன்: கக்ஸே தெஸ் / கக்ஸே தா
- மாணவனா இருந்தேன்: கக்ஸே தெஷ்தா / கக்ஸே தத்தா
- மாணவன் இல்லை: கக்ஸே ஜா அரிமஸென் / கக்ஸே ஜா நை
- மாணவனா இருக்கலை: கக்ஸே ஜா அரிமஸென் தெஷ்தா / கக்ஸே ஜா நகத்தா

முதல்ல இருக்கிறது மரியாதை, ரெண்டாவது சாதாரணம். ‘ஜா அரிமஸென்’ நாக்குல புரளலைன்னா ‘ஜா நை தெஸ்’னு சொல்லு, ‘ஜா நகத்தா தெஸ்’னு சொல்லு. பேச்சுல ஜப்பான்காரங்களே அதைத்தான் நிறைய சொல்றாங்க. எழுதும்போது மட்டும் ‘ஜா’ கூடாது. அந்த இடத்துல ‘தே வா’ன்னு விரிச்சு எழுதணும்: ‘கக்ஸே தே வா அரிமஸென்’.

‘மின்னா நோ நிஹோங்கோ’ புத்தகம் வச்சுப் படிக்கிறவளா நீ? அதுல முதல் பாடத்திலேயே ‘தெஸ்’ வந்துடும். சாதாரணப் பேச்சு 20-வது பாடத்துலதான் வரும். அந்த வரிசை சரியானது. யாரோ அனிமே பார்த்துட்டு ‘தா’வை முதல்ல படின்னு சொன்னா கேட்காதே.

3. தமிழ் பேசுறவங்களுக்கு மட்டும் ரெண்டு எச்சரிக்கை

‘நான் மாணவன்’னு சொன்னாலே நமக்கு வாக்கியம் முடிஞ்சுடும். அந்தப் பழக்கத்துல ‘வதாஷி வா கக்ஸே’ன்னு நிறுத்திடுவ. தோழிகிட்டன்னா அது சரி. புது ஆள்கிட்டயோ ஆபீஸ்லயோ அப்படி மொட்டையா நிறுத்தக் கூடாது. பேசி முடிக்கும்போது ‘தெஸ்’ விழுந்துச்சான்னு காதைத் தீட்டிக் கேளு. ‘வதாஷி வா’வை விட்டாலும் பரவாயில்லை, ‘தெஸ்’ஸை விடாதே.

இன்னொண்ணு இந்த ‘இல்லை’. பேச்சுத் தமிழ்ல ‘பணம் இல்லை’, ‘அது பணம் இல்லை’ ரெண்டுக்கும் ஒரே சொல்லை வச்சுச் சமாளிக்கிறோம். ஜப்பானிய மொழியில அது நடக்காது. கையில பணமே இல்லைன்னா ‘ஒகானே, அரிமஸென்’. அது பணம் அல்ல, வேற ஏதோன்னா ‘ஒகானே ஜா அரிமஸென்’. எழுத்துத் தமிழ்ல ‘அல்ல’ன்னு போடுற இடம் வந்தா ‘ஜா’ சேரணும். இந்த ஒரு கணக்கு போதும், வேற விதியே வேண்டாம்.

4. ‘ஓய்ஷீ தா’ன்னு சொன்னே, தலையில குட்டு விழும்

இங்கே கொஞ்சம் நிதானமா உட்காரு. உரிச்சொல் ரெண்டு ஜாதி. இகர ஓசையில முடியுற ஜாதி ஒண்ணு: ஓய்ஷீ (ருசியா இருக்கு), சமுய் (குளிருது), தனோஷீ (ஜாலியா இருக்கு). இதுங்களுக்கு வினைச்சொல்லோட வேலை உள்ளேயே இருக்கு. அதனால ‘தா’ ஒட்டவே ஒட்டாது. தோழிகிட்ட ‘ஓய்ஷீ’ன்னு மட்டும் சொன்னாலே முழு வாக்கியம். மரியாதைக்குத்தான் ‘ஓய்ஷீ தெஸ்’.

இறந்த காலத்துல உரிச்சொல்தான் மாறும், ‘தெஸ்’ அப்படியே நிக்கும். ‘ஓய்ஷிகத்தா தெஸ்’ சரி. ‘ஓய்ஷீ தெஷ்தா’ தப்பு. விருந்துக்குக் கூப்பிட்டவங்ககிட்ட சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு சொல்லப் போற இடத்துல இந்தத் தப்பு வந்தா எப்படி இருக்கும், சொல்லு. மறுக்கும்போது ‘ஓய்ஷிகு நை தெஸ்’. இதுக்கு நடுவுல ‘ஜா’ வராது.

‘ஓய்ஷீ தெஸ்’ஸே இலக்கணப்படி சரியான்னு ஒரு காலத்துல ஜப்பான்லயே கேள்வி இருந்துச்சு. 1952-ல தேசிய மொழிக் குழு ‘கொரெகரா நோ கேய்கோ’ன்னு, இனிமே மரியாதைப் பேச்சு எப்படி இருக்கணும்னு ஒரு பரிந்துரை கொடுத்துச்சு. உரையாடலுக்கு ‘தெஸ்’, ‘மஸ்’ நடைதான் அடிப்படைன்னு அதுல சொன்னாங்க. உரிச்சொல்லுக்குப் பின்னாடி நேரா ‘தெஸ்’ போடறதையும் ஒத்துக்கிட்டாங்க. அதனால தைரியமாச் சொல்லு, யாரும் குறை சொல்ல முடியாது.

ரெண்டாவது ஜாதி ஷிஸுகா (அமைதி), ஸுகி (பிடிக்கும்) மாதிரி சொற்கள். இதுங்க பெயர்ச்சொல் மாதிரியே நடந்துக்கும்: ஷிஸுகா தெஸ், ஷிஸுகா தா, ஷிஸுகா தெஷ்தா, ஷிஸுகா ஜா நை. ஏமாத்துற மூணு சொல்லை மட்டும் இப்பவே குறிச்சு வை: கிரேய் (அழகு, சுத்தம்), கிரை (பிடிக்காது), யூமேய் (புகழ்பெற்ற). கேட்க இகரத்துல முடியுற மாதிரி இருக்கும், ஆனா மூணும் இந்த ரெண்டாவது ஜாதிதான். ‘கிரேய் தத்தா’ சரி, ‘கிரேகத்தா’ தப்பு.

வினைச்சொல்லோட ‘தெஸ்’ஸை ஒட்டவே ஒட்டாதே. ‘இகு தெஸ்’னு ஒண்ணு கிடையாது. போறேங்கன்னா ‘இகிமஸ்’. அவ்வளவுதான்.

5. மரியாதை கடைசியில ஒரே தடவை

‘நாளைக்கு லீவுன்னு நினைக்கிறேங்க’ன்னு சொல்லுவோம். ‘லீவுங்கன்னு நினைக்கிறேங்க’ன்னு சொல்லுவோமா? மாட்டோம். ‘அஷ்தா வா யசுமி தா தோ ஒமோய்மஸ்’ஸும் இதே மாதிரிதான். உள்ளே ‘தா’, கடைசி வினையில மரியாதை. ‘யசுமி தெஸ் தோ ஒமோய்மஸ்’னு ரெண்டு இடத்துலயும் மரியாதை ஊத்தினா வாக்கியம் கெட்டுப்போகும். அதுக்காக அந்த ‘தா’வை விழுங்கிடவும் கூடாது, பெயர்ச்சொல்லுக்குப் பின்னாடி அது அங்கே கட்டாயம். இகர உரிச்சொல்லுன்னா ‘ஓய்ஷீ தோ ஒமோய்மஸ்’, அங்கே ‘தா’வே வேண்டாம்.

காரணம் சொல்லும்போது இன்னும் கவனம். ‘கரா’வுக்கு முன்னாடி ‘தா’ வரும், ‘தெஸ்’ஸும் வரும்: யசுமி தா கரா, யசுமி தெஸ் கரா. ‘நோதே’க்கு முன்னாடி ‘தா’ உருமாறி ‘நா’ ஆயிடும்: யசுமி நா நோதே. மேலதிகாரிகிட்டக் காரணம் சொல்ல ‘நோதே’தான் மென்மையா இருக்கும். வாக்கியத்தை ‘தெஸ் கரா’ன்னு ஆரம்பிச்சே, ‘அதான் சொன்னேனே’ன்னு அதட்டுற தொனி வந்துடும். வாடிக்கையாளர்கிட்ட அதைத் தவிர்த்துடு. விளக்கம் சொல்லும்போது வர்ற ‘ன் தெஸ்’ஸுக்கு முன்னாடியும் ‘நா’தான்: யசுமி நா ன் தெஸ். அமைதியான அறைன்னு சொல்ல ‘ஷிஸுகா நா ஹெயா’. இந்த மூணு இடத்துலயும் ‘தா’ வந்தா தப்பு.

6. கேள்வி கேட்கிறப்ப ‘தா’வைக் கீழே வை

மரியாதைக் கேள்வி சுலபம், ‘தெஸ் கா’. சாதாரணக் கேள்வியில ‘கக்ஸே தா கா’ன்னு கேட்கக் கூடாது. ‘கக்ஸே?’ன்னு குரலை மட்டும் உயர்த்து, இல்லைன்னா ‘கக்ஸே நா நோ?’ன்னு கேளு. ‘தாரே தா!’ன்னு கேட்டா போலீஸ்காரர் ‘யார்றா நீ!’ன்னு அதட்டுற மாதிரி இருக்கும். தோழிகிட்ட ‘தாரே?’ போதும்.

பதில் சொல்லும்போதும் மொட்டைத் ‘தா’ கொஞ்சம் முரட்டுத்தனம்தான். முடிவா அறிவிக்கிற மாதிரி விழும். ‘தா யோ’, ‘தா நே’ன்னு பின்னாடி ஒரு வால் சேர்த்தா இளகிடும். ஆணோ பெண்ணோ எல்லாருமே இப்படித்தான் பேசறாங்க. ஆனா ‘ஓய்ஷீ தா நே’ கிடையாது, ‘ஓய்ஷீ நே’. நாலாவது டிப்ஸை மறந்துட்டா திரும்பப் போய்ப் படி.

ஒரு விதிவிலக்கு: உனக்கு நீயே சொல்லிக்கிற மாதிரி இருந்தா மேலதிகாரி பக்கத்துல நின்னாலும் சாதாரண வடிவம் வரலாம். ஜன்னல் பக்கம் திரும்பி ‘ஆ, அமே தா’ (அட, மழை) என்று சொல்றதை யாரும் மரியாதைக் குறைவா எடுத்துக்க மாட்டாங்க.

7. யூகம்

‘தெஷோ’ மரியாதை, ‘தரோ’ சாதாரணம். வானிலை அறிவிப்புல ‘அமே தெஷோ’ன்னு கேட்டிருப்ப. ‘அமே தா தெஷோ’ன்னு ரெண்டையும் சேர்க்காதே. ‘தரோ’வை வாக்கியக் கடைசியில மொட்டையா வச்சா ஆம்பிளைப் பேச்சு மாதிரி இருக்கும். ‘தரோ தோ ஒமோய்மஸ்’னு நீட்டினா யார் வேணும்னாலும் சொல்லலாம்.

8. ஹோட்டல், கடை

ஹோட்டல்ல ‘வதாஷி வா கரே தெஸ்’னு சொன்னா நான் ஒரு குழம்புன்னு அர்த்தம் ஆயிடுமோன்னு பயப்படாதே. ‘எனக்கு கறி சாதம்’னுதான் புரியும். நாம ‘நான் காபி, அவர் டீ’ங்கிற மாதிரி. ‘நான் விலாங்கு மீன்’னு அர்த்தம் வர்ற ‘போகு வா உனகி தா’ங்கிற வாக்கியத்தையே தலைப்பா வச்சு ஒகுட்சு கேய்இச்சிரோங்கிற மொழியியலாளர் 1978-ல ஒரு புத்தகம் போட்டிருக்கார். அவ்வளவு இயல்பான பேச்சு அது.

கடையில கவனமா இரு. 2020 ஜூலையில இருந்து ஜப்பான்ல பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்கறாங்க, அதனால பை வேணுமான்னு ஒவ்வொரு கடையிலயும் கேட்பாங்க. வேண்டாம்னா ‘தய்ஜோபு தெஸ்’. வேணும்னா ‘ஒனெகாய்ஷிமஸ்’. ‘ஈ தெஸ்’னு சொன்னா ‘நல்லது’ன்னுதானே அர்த்தம்னு நீ நினைப்ப, அவங்க ‘வேண்டாம்’னு எடுத்துக்குவாங்க. சாப்பாடு பரிமாறும்போதும் இதேதான், வேணும்னா ‘ஈ தெஸ்’ சொல்லாதே.

9. மேலே ஒரு படி, கீழே ஒரு படி

டிபார்ட்மெண்ட் ஸ்டோர் லிஃப்ட்ல ‘சன்காய் தே கொஸாய்மஸ்’ (மூணாவது மாடி) என்று கேட்கும். ‘தே கொஸாய்மஸ்’ தெஸ்ஸோட உயர்ந்த வடிவம், கடைக்காரங்க பேசுறது. உனக்குக் காதுக்குப் புரிஞ்சா போதும், வாய்க்கு வேண்டாம். ஹோட்டல் வேலைக்கோ தொலைபேசி எடுக்கிற வேலைக்கோ போனா அப்ப கத்துக்கோ. அப்பவும் உன்னைப் பத்தியும் உன் கம்பெனி பத்தியும் சொல்ல மட்டும்தான். வந்தவரை ‘தனகா ஸன் தே கொஸாய்மஸ் கா’ன்னு கேட்கிறது முறை இல்லை. அவருக்கு ‘தனகா ஸாமா தே இராஷ்ஷாய்மஸ் கா’.

கீழ்ப்படியில ‘ஸோ ஸ்ஸு’ன்னு ஒண்ணு இருக்கு, ‘ஸோ தெஸ்’ஸைச் சுருக்கி வாலிபப் பசங்க சீனியர்கிட்டப் பேசறது. காதுல விழும், ஆசையா இருக்கும். வாடிக்கையாளர் முன்னாடியும் நேர்காணல்லயும் தயவு செஞ்சு வேண்டாம். அனிமேல வர்ற ‘தா ஸே’, ‘தா ஸோ’ எல்லாத்தையும் டிவியோடயே விட்டுடு.

ஒசாகா பக்கம் வேலை கிடைச்சா ‘தா’ வர்ற இடத்துல ‘யா’ கேட்கும், ‘ஸோ தா’ அங்கே ‘ஸோ யா’. பதறாதே. நீ ‘தெஸ்’ஸே பேசு, அங்கேயும் அது நல்லாவே செல்லும்.

10. எழுதும்போது ஒரு நடையைப் பிடிச்சா விடாதே

மின்னஞ்சல், கடிதம்னா ‘தெஸ்’, ‘மஸ்’. செய்தித்தாளும் ஆய்வறிக்கையும் ‘தா’, ‘தே அரு’ நடையில வரும். இந்த ‘தே அரு’ எழுத்துக்குன்னே இருக்கிற கம்பீர வடிவம், பேச்சுல சொன்னா மேடையில நிக்கிற மாதிரி இருக்கும். நட்சுமே சோசெகி 1905-ல எழுதத் தொடங்கின பூனை நாவலோட தலைப்பு ‘வாகஹாய் வா நேகோ தே அரு’. ஒரு சாதாரணப் பூனை அவ்வளவு கம்பீரமாத் தன்னை அறிவிச்சுக்குதுங்கிறதுலதான் சுவையே இருக்கு. உன் கட்டுரையில எந்த நடை வேணும்னாலும் எடு. ஆனா ஒரு பத்தி ‘தெஸ்’, அடுத்த பத்தி ‘தே அரு’ன்னு கலந்தா ஆசிரியர் சிவப்புப் பேனாவை எடுப்பார்.

11. எப்ப ‘தா’வுக்கு இறங்கலாம்?

குழந்தைங்ககிட்ட, வீட்டாள்கிட்ட, கூடப் படிக்கிற நெருங்கின தோழிகிட்ட யோசிக்காம இறங்கலாம். ஆபீஸ்ல மட்டும் இறங்கறது உன் முடிவு இல்லை. உன்னைவிட ஒரு வருஷம் முன்னாடி சேர்ந்தவர்கூட செம்பாய்தான், அதாவது சீனியர். அவர் உன்கிட்ட ‘தா’வுல பேசுவார். அவரே அப்படிப் பேசறாரே, நானும் பேசினா என்னன்னு கிளம்பாதே. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்னு அங்கே விதி கிடையாது. நம்ம வீட்ல அக்கா ‘நீ’ங்கிறா, தம்பி ‘நீங்க’ங்கிறான் இல்லையா?

இறங்கறதுன்னா முழுசா இறங்கு. ‘ஊன், ஸோ தெஸ்’னு பாதி வழியில நிக்காதே. ‘ஊன்’னா (சாதாரண ‘ஆமா’) அதுகூட ‘ஸோ தா யோ’. ‘ஹாய்’னா (மரியாதையான ‘ஆமாங்க’) அதுகூட ‘ஸோ தெஸ்’.

இந்தச் சாதாரணப் பேச்சுக்கு ‘தமேகுச்சி’ன்னு பேரு. பழகினவங்க தாங்களாவே ‘தமேகுச்சி தே ஈ யோ’ (சாதாரணமாவே பேசலாம்) என்று சொல்லுவாங்க. அதுவரைக்கும் பொறு. அவங்க சொன்ன பிறகும் நீ கொஞ்ச நாள் ‘தெஸ்’லயே பேசினா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. சொல்றதுக்கு முன்னாடி நீ ‘தா’வுக்கு இறங்கினா, வாயால ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, மனசுல வச்சுக்குவாங்க.